பஜார் ரோட்டில் அடைப்பு

"செருப்பக் கழத்திட்டு ஏறுங்க."

படியில் ஒரு காலைத் தூக்கி வைத்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். திருப்பூணித்துறைக்காரர். பேங்கில் ஓய்வு பெற்றவர். மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டை வாங்கி வெள்ளைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று மனைவியோடு பார்க்க வந்திருந்தார். தமிழ் புரியவில்லையோ என்று வீரலட்சுமி மலையாளத்தில் இன்னொரு முறை சொன்னாள். சொல்லில் மரியாதை இருந்தது. முகத்தில் இல்லை.

தரகர் ரமேஷ்பாபு கண்ணை இறுக மூடித் திறந்தார். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அவர் சரோஜம்மாவிடம் சொல்லியிருந்தார். சரோஜம்மா அதை மகளுக்குக் காலையில் வந்து பையை வைக்கும்போதுகூட நினைவுபடுத்தியிருந்தாள். வீடு பார்க்க வருகிறவன் செருப்போடுதான் ஏற வேண்டும். வெறுங்காலில் ஏறினால் தரை பேசிவிடும்.

தரை பேசியது. வந்தவர் ஷூவைக் கழற்றி, காலுறையையும் உருவிக்கொண்டு முன்னறையில் இரண்டு எட்டு வைத்தார். கட்டைவிரல் இரண்டும் தானாகத் தூக்கிக்கொண்டன. சிவப்புச் சிமெண்டில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி பூக்கிற உப்பு. அவர் சுவரைப் பார்த்தார். முழங்கால் உயரம் வரை மட்டும் புதிதாகப் பூசியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். வெளியே நின்ற மனைவியைப் பார்த்தார்.

"நல்ல வீடு" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, காலுறையைக் கையில் பிடித்தபடி வெறுங்காலை ஷூவில் நுழைத்துக்கொண்டு போனார்.

ரமேஷ்பாபு சந்து முனைவரை அவர்கள் பின்னால் ஓடிவிட்டுத் திரும்பி வந்தார். தோப்பும்படிக்காரர். இரண்டு பாஷையும் ஒரே மூச்சில் ஓடும்.

"மோளே, நினக்கு எந்தா கேடு? பதினஞ்சு நாளு விளிச்சு விளிச்சுக் கொண்டுவந்த பார்ட்டியாக்கும்."

"எங்க வீட்டுக்குள்ள நாங்க செருப்புப் போடறதில்ல."

"நீங்க போடறதில்ல. அவன் இதைத் தன் வீடுன்னு இன்னும் நினைக்கலியே. நினைக்கிறது வரைக்கும் அவன் காலு தரையில படக்கூடாது." அவர் வாசற்படியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "முப்பது வருஷமா இதுதான் எனக்குச் சோறு. பார்ட்டி எதுக்கு ஓடும்னு எனக்குத் தெரியும். மீன் வறுத்த மணத்துக்கு ஓடும். ஊதுபத்தி மணத்துக்கு அதைவிட வேகமா ஓடும், எதையோ மறைக்கிறான்னு தோணும். மருந்துக் குப்பியைக் கண்டா ஓடும். மாலை போட்ட போட்டோவைக் கண்டா ஓடும். அயல்வீட்டுக்காரி ஜன்னல்ல நின்னு சும்மா சிரிச்சாலும் ஓடும்."

"அப்போ மனுஷங்களே இல்லாத வீடாக் காட்டுங்க."

"அதைத்தானே மோளே நானும் சொல்லுறது!" என்றார் அவர், ஒரு பிள்ளைக்குக் கணக்குப் புரிந்துவிட்ட சந்தோஷத்தில். "வீட்டைக் காட்டணும். வீட்டுக்காரனைக் காட்டக்கூடாது."

சரோஜம்மா பழந்துணியை எடுத்து, வந்தவரின் பாதம் பதிந்த இரண்டு இடத்தையும் குனிந்து துடைத்தாள்.

வீட்டை விற்கிற பேச்சு ஓணம் கழிந்ததும் தொடங்கியது. மூன்று சென்ட் இடம், இரண்டு அறை, ஒரு அடுக்களை, பின்னால் ஆள் நின்று குளிக்கிற அளவு முற்றம். சரோஜம்மாவின் கணவர் அய்யாசாமியின் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து நகரசபையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிடைத்த மூலை அது. அய்யாசாமியும் அதே வேலைக்குப் போனார். முப்பத்து நாலு வருஷம் ஓடைக்குள் இறங்கி ஏறி, ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. மகன் பிரதீஷ் ஆலுவாவில் ஒரு லாரி ஆபீசில் பில் எழுதுகிறான். அவன் மனைவி மஞ்சுஷாவுக்கு ஏழு மாசம். வெள்ளம் ஏறுகிற வீட்டுக்குக் கைக்குழந்தையோடு வரமாட்டேன் என்று அவள் சொன்னதில் தப்பில்லை. விற்று, ஆலுவா பக்கம் எல்லாருமாக ஒரு வீடு. திட்டம் அதுதான்.

வீரலட்சுமி களமசேரியில் வேதியியல் படித்து, ஏலூரில் ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதிக்கிறாள். அங்கே ஹாஸ்டல். முடிந்த ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. முதல் வாய்த்துடுக்கும் அவளுடையதுதான் என்பான் பிரதீஷ்.

விருச்சிகம், தமிழுக்குக் கார்த்திகை, பிறந்தால் கடல் தெருவுக்கு வரும். மழையும் வேண்டாம், காற்றும் வேண்டாம். விடியற்காலையில் கால்வாயில் நீர் சத்தமில்லாமல் உயரும். ஓடை வழியாகப் பின்னோக்கி நடந்து வந்து, சந்துக் கல்லிடுக்கில் கொப்பளித்து, படி படியாக ஏறும். ரமேஷ்பாபுவின் சட்டைப் பையில் கடல் பொங்கி ஏறும் வேலியேற்ற நேரம் குறித்த சீட்டு எப்போதும் உண்டு. நீர் இறங்கி, சரோஜம்மா வழித்துத் துடைத்து, மின்விசிறியைத் தரையைப் பார்த்துத் திருப்பி வைத்துக் காயவிட்ட பிறகுதான் பார்ட்டி வரும்.

மற்ற வீடுகளில் ஏறிய வெள்ளம் மத்தியானம் வரை நிற்கும். இந்த வீட்டில் அரை மணி நேரம்தான். அது அய்யாசாமியின் ஓடை. முற்றத்திலிருந்து சந்து ஓடை வரை அவரே சாய்வு பார்த்து வெட்டி, செங்கல் பாவி, நடுவில் சேறு தங்க ஒரு குழி வைத்து, வாயில் லாரி டயர் ரப்பரை வெட்டி மூடியாகத் தொங்கவிட்டிருந்தார். உள்நீர் தள்ளினால் மூடி திறக்கும். வெளிநீர் தள்ளினால் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு தடவை கல்லைப் புரட்டிக் கையாலேயே அள்ளுவார். கரண்டி போட்டு அள்ளினால் விரிசல் எங்கே என்று விரலுக்குத் தெரியாது என்பார்.

முதலில் வந்த பார்ட்டி காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற இளம் ஜோடி. அய்யாசாமி அவர்களை முன்னறையில் நிற்கவே விடவில்லை. வீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதானே என்று நேரே முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்லைப் புரட்டினார். வேட்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டு, ஒரு பிடி கறுப்பை அள்ளி அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க சேச்சி. முழுக்க மணலு. சகதி உண்டா? மோந்து பாருங்க. வெள்ளம் நிக்கவே நிக்காது."

அவள் ஓங்கரித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அய்யாசாமி பதறிப்போய், கையைக் கழுவிவிட்டு, ஒரு தம்ளரில் குடிக்கத் தண்ணீர் மொண்டுகொண்டு பின்னாலேயே போனார். அவள் தம்ளரைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். காருக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டாள்.

"வெயிலு பிடிக்கல அந்தப் புள்ளைக்கு" என்றார் அய்யாசாமி.

அதற்குப் பிறகு வந்த ஆறு பார்ட்டியும் அவரைப் பார்க்கவில்லை.

"அப்பா எங்க?" என்றாள் வீரலட்சுமி, அந்த ஞாயிற்றுக்கிழமை ரமேஷ்பாபு போன பிறகு.

"பஜார் ரோட்டுல ஓடை அடைப்பாம். பாண்டித்துரை போன் பண்ணினான்." சரோஜம்மா மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஒம்பது மணிக்கே போனாரு. வந்துருவாரு."

"மணி பன்னெண்டரை ஆச்சு. சோறு?"

"கப்பக்கிழங்கும் மத்திக் கறியும் இருக்கு. வந்து திம்பாரு."

அவள் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "நீ எதுக்குட்டி போற, இப்ப வந்துருவாரு" என்ற அம்மாவின் குரல் சந்து பாதி வரை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பஜார் ரோட்டில் கடைகள் அடைத்துக் கிடந்தன. கிடங்குக் கதவுகளின் இடுக்கிலிருந்து சுக்கும் மிளகும் மணத்தன. இரண்டு ஆடுகள் சாக்குத் துண்டு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தன. ஒரு கிடங்கு வாசலில், பாதி நிழலும் பாதி வெயிலுமாக, காக்கிச் சட்டையில் மடிப்புக் கலையாமல் அய்யாசாமி நின்றார். தோளில் கம்பி. லாரி இல்லை, ஆள் இல்லை, திறந்து வைத்த மூடி ஒன்றுகூட இல்லை.

"வாட்டி! நீ சாப்ட்டியா?"

"நீங்க சாப்பிடலியே. எங்க உங்க ஆளுங்க?"

"வந்துருவானுவ." அவர் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கப்பை ஒன்றை எடுத்தார். "இந்தா, என் காலுக்கு அடியில ஒரு ஓடை போவுது. அந்தக் காலத்துச் செங்கல் ஓடை. எங்கன திரும்புதுன்னு ஆபீசுல பிளான் போட்ட ஒரு கடலாசு கிடையாது. பாண்டி சொல்லுதான், மாமா, நீங்க வந்து கம்பியால தொட்டுக் காட்டுங்க, அது போதும், மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்னு. ரிட்டயர் ஆனாலும் விடமாட்டேங்கானுவ பாரு."

"ஞாயித்துக்கிழமையா?"

"அவசரம்னாம்ல. போன தடவையும் ஞாயிறுதான். நான் வாரதுக்குள்ள அவனுவளே சரியாக்கிட்டுப் போயிட்டானுவளாம். அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தான்." அவர் சிரித்தார். "பயலுவ வேலை படிச்சிட்டானுவ."

வீரலட்சுமி இரண்டு கிடங்கு தள்ளிப் போய்ப் பாண்டித்துரைக்குப் போன் போட்டாள். அய்யாசாமியிடம் வேலை பழகியவன். இப்போது கார்ப்பரேஷன் வட்டத்துக்கு மேற்பார்வை. அவள் கேட்டதும் அவன் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தான்.

"வீரா, என்னைய வையாதே. பிரதீஷ் சொல்லித்தான் செஞ்சேன். மூணு மணி நேரம் மாமாவ வீட்டுல இல்லாமப் பாத்துக்கோன்னு. சினிமாவுக்குக் கூப்ட்டேன், வரல. அம்பலத்துக்குக் கூப்ட்டேன், வரல. அடைப்புன்னாத்தான் சட்டைய மாட்டுவாரு."

அவள் முதலில் அண்ணனைப் போனில் பிடித்து உலுக்கியிருக்கலாம். அப்பாவைச் சாப்பிட விட்டிருக்கலாம். ஆனால் வயிற்றில் இருப்பது வாய்க்கு வராமல் அவளுக்கு ஒரு நிமிஷம் தங்காது. அதைத்தான் அவள் நேர்மை என்று நினைத்திருந்தாள்.

"அப்பா, இங்க அடைப்பு ஒண்ணும் இல்ல. ஒரு தடவையும் இருந்ததில்ல. வீடு பாக்க ஆளு வரும்போது நீங்க அங்க இருக்கக் கூடாதுன்னு இங்க அனுப்பறாங்க. உங்களப் பாத்தா வாங்க வந்தவங்க ஓடிருவாங்களாம்."

அய்யாசாமி கையிலிருந்த கப்பையைத் திரும்பச் சட்டியில் வைத்தார்.

"ஆரு சொன்னா?"

"பாண்டி. இப்பத்தான் கேட்டேன்."

அவர் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தார். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதுபோல இருந்தது.

"துலா மாசத்துல ஒரு நாளு பெரிய மழை. இங்கனதான் நின்னேன்."

"அன்னைக்கும்தான்."

"சரோஜாவுக்குத் தெரியுமா?"

அவள் தூக்குச் சட்டியை மூடினாள். பிறகு சொன்னாள். "தெரியும்."

"அவதாம்ட்டி இந்தச் சட்டைய இஸ்திரி போட்டுத் தந்தா" என்றார் அய்யாசாமி.

பாண்டிகிட்ட சண்டைக்குப் போவாதே, சின்னப் பய, என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு நடக்கும்போது கம்பியைத் தோளில் வைக்கவில்லை. உடம்போடு ஒட்டிப் பிடித்து, எதிரே வருகிறவர்களுக்குத் தெரியாதபடி கொண்டுவந்தார்.

பிரதீஷ் அதற்குள் ஆலுவாவிலிருந்து வந்திருந்தான். அய்யாசாமி யாரையும் பார்க்காமல் முற்றத்துக்குப் போய், குளிக்கிற கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"அப்பாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன்" என்றாள் வீரலட்சுமி.

சரோஜம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எதை?"

"அடைப்பு இல்லைங்கிறதை."

"நினக்குப் பைத்தியமா?" என்றான் பிரதீஷ்.

"பெத்த அப்பனை நடுத்தெருவுல வெயில்ல நிறுத்தி வைக்க உனக்கு நாணம் இல்லியா சேட்டா?"

"நாணமா? நீ பேசாதே. களமசேரியில சேரும்போது அச்சன்டெ ஜோலின்னு கேட்ட எடத்துல நீ என்ன எழுதினே? ஃபாரத்தைப் பிடிச்சிட்டு பக்கத்துல நின்னது நானாக்கும். 'கார்ப்பரேஷன் ஆபீஸ்'னு எழுதினே. ஆபீஸ்! பட்டம் வாங்குற அன்னைக்கு ரெண்டு பாஸ் தந்தாங்க. அம்மாவையும் என்னையும் கூட்டிட்டுப் போனே."

"அன்னைக்கு அப்பாவுக்கு டூட்டி இருந்துச்சு."

"டூட்டின்னு எங்ககிட்ட சொன்னது ஆரு? நீதானே?"

அவள் முற்றத்துப் பக்கம் திரும்பினாள். முற்றத்தில் இருந்தவருக்கு இதெல்லாம் கேட்டிருக்கும். நாலு எட்டுத் தூரம்தான்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் சரோஜம்மா. "ஏட்டி, நீ ஞாயித்துக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை போறவ. நாலு மணிக்குக் கட்டிலுக்கு அடியில வெள்ளம் சலசலங்கும்போது எந்திரிச்சு அரிசிப் பானையத் தூக்கிக் கட்டில்ல வைக்கது நானு. அவரு ஓடை அரை மணி நேரத்துல இழுத்துரும், சரி. இழுத்துட்டுப் போட்டுட்டுப் போற சேத்தை வழிக்கது ஆரு? என் கால்விரலப் பாரு. பத்து வருஷமா ஆறல. எனக்கு ஒரு காஞ்ச தரை வேணும்ட்டி. பாயை விரிச்சா முதுகு சில்லுங்கக் கூடாது. அவ்வளவுதான் கேக்கேன்."

"அது தப்புன்னு நான் சொல்லல அம்மா. ஏமாத்தினது..."

"ஏமாத்தினேன். இஸ்திரி போட்டு ஏமாத்தினேன். அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுக் கம்பியத் தோள்ல வச்சு அவரு போகும்போது நீ பாத்திருக்கணும். கல்யாணத்துக்குப் போற மாதிரி போவாரு. வந்து சோத்துக்கு இருந்தா அந்த ஓடை இங்கன திரும்புது, இந்த ஓடை அங்கன சேருதுன்னு வாய் ஓயாது. உன் உண்மை அவருக்கு என்னத்தக் குடுத்துச்சு? சொல்லு. போய் அந்த முதுகப் பாரு."

வீரலட்சுமி போய்ப் பார்த்தாள். குளிக்கிற கல்லில் ஒரு முதுகு இருந்தது. அப்பா என்று கூப்பிட்டாள். அது திரும்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வரவில்லை; போன் செய்தபோது அம்மாதான் எடுத்தாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், இருக்காரு என்றாள். ஓடைக் கல்லைப் புரட்டினாரா என்று கேட்டால், இல்லை என்றாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் வீரலட்சுமி ஏலூரில் ஒரு வீடு பார்க்கப் போனாள். கம்பெனிச் சுவருக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்று. மாடியில் இரண்டு அறை. ஆற்றுக் காற்றில் அமோனியா நெடி கலந்து வரும். வீட்டுக்காரி வசந்தி கேட்டாள், கூட யார் இருப்பார்கள் என்று. அப்பா என்றாள் வீரலட்சுமி. என்ன ஜோலி?

"ஓடை சுத்தம் செய்யற வேலை. முப்பத்து நாலு வருஷம். இப்ப ரிட்டயர்டு." அவள் அதை வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, வசந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், எந்தச் சுருக்கம் விழுந்தாலும் சண்டைக்குப் போகிற ஆயத்தத்தில்.

"படி ஏறுவாரா?" என்றாள் வசந்தி. "இல்லைன்னா கீழ்வீடு ஒண்ணாந்தேதி காலியாகும்."

அவள் அப்போதே சரி சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டாள். படி ஏறுவார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டாஞ்சேரிக்கு வந்தபோது அய்யாசாமி முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. பிரதீஷ் மின்விசிறியைத் தரைக்குத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எத்தன மணிக்கு வாராவ?" என்றார் அய்யாசாமி.

"பத்தரைக்கு" என்றான் பிரதீஷ்.

"அப்ப நான் பத்துக்குப் போணும்."

சரோஜம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கன போய் நிக்கட்டும்?" என்று அவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை. வேலைக்குப் போன இடத்தில் மேஸ்திரியிடம் கேட்கிற குரல் அது. "பஜார் ரோட்டுலயே நிக்கட்டா, இல்ல வேற எங்கயும் போணுமா?"

பிரதீஷ் மின்விசிறியின் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போட் ஜெட்டிப் பக்கம் இருங்கப்பா. பெஞ்சு உண்டு. காத்தும் வரும்."

"சரி."

வாசலில் வீரலட்சுமி நின்றாள். அவள் விலகும் வரை அவர் காத்திருந்தார், அறிமுகமில்லாத பெண்ணுக்கு வழி விடுகிறவர்போல. விலகியதும் போனார்.

பத்தரைக்கு ரமேஷ்பாபுவோடு வந்தவள் ஷபானா. கொச்சங்காடியில் தையல் யூனிட் வைத்திருக்கிறாள், நாற்பது வயதிருக்கும். யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே விட்டாள். உள்ளே வந்து குதிகாலால் தரையை அழுத்திப் பார்த்தாள்.

"உப்பு" என்று சிரித்தாள். "எங்க வீட்லயும் உண்டு. கொச்சியில இது இல்லாத வீடு ஏது?"

ரமேஷ்பாபு திறந்த வாயை மூடிக்கொண்டார். அவர் சொல்ல வைத்திருந்த பொய் எதுவும் தேவைப்படவில்லை.

"எனக்கு அறையெல்லாம் காண வேண்டாம்" என்றாள் ஷபானா. "செவ்வாய்க்கிழமை விடியக்காலம் வேலியேற்றம் வந்தப்போ நான் இந்தச் சந்துல முட்டளவு வெள்ளத்துல நின்னேன். எல்லா வீட்லயும் பக்கெட்டை வச்சுக் கோரிட்டிருந்தாங்க. இந்த வீட்டு முற்றத்துல மட்டும் வெள்ளம் தானா இறங்கிச்சு. அது எப்படின்னு எனக்குக் காணணும்."

முப்பது வருஷத்தில் முன்னறையைத் தாண்டி ஓடையைக் கேட்ட பார்ட்டி ரமேஷ்பாபுவுக்கு இதுதான் முதல். பிரதீஷ் முற்றத்துக் கல்லை ஒரு குச்சியால் நெம்பப் பார்த்தான். அவனுக்கு வரவில்லை. ஷபானாவே குனிந்து கையால் புரட்டினாள். குழியில் இரண்டு வாரச் சேறு படிந்து கிடந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. செல்போன் வெளிச்சத்தை அடித்து, செங்கல் வரிசையையும் ரப்பர் மூடியையும் வெகுநேரம் பார்த்தாள். ஒரு விரலால் மூடியைத் தள்ளினாள். அது திறந்து மூடியது.

"இது ஆரு செஞ்சது?"

வீரலட்சுமி அம்மாவைப் பார்த்தாள். இந்த முறை வாயைத் திறக்கப் போவதில்லை என்று அவள் வரும்போதே தீர்மானித்திருந்தாள். அவள் சொன்ன உண்மை போதும். இதை அம்மா சொல்லட்டும், அல்லது அண்ணன் சொல்லட்டும். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

பிரதீஷ் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டான். மூன்று மாசமாகப் பழகிய பொய் தானாக நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"ஒரு பணிக்காரன். தமிழ்நாட்டுக்காரன்."

"ஆளைக் கிட்டுமா? நான் வாங்கினாலும் இதைப் பாத்துக்க அவர் வேணும். எங்க உம்மா வீட்டுக்கும் ஒண்ணு செய்விக்கணும். இப்படிக் கை உள்ள ஆளு இப்ப எங்க உண்டு?"

அவன் அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் விலை பேசுகிற தூரத்துக்கு வந்துவிட்ட ஒரே பார்ட்டி. வார்த்தையை மாற்றினால் போய்விடுமோ என்று பயந்தான்.

"இல்ல இத்தா" என்றான். "ஆளு மரிச்சுப் போயி."

"அல்லாஹ்." ஷபானா கல்லை மெல்ல மூடி வைத்தாள். சரோஜம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "எப்போ?"

சரோஜம்மாவின் கை தாலிக்குப் போய் அங்கேயே நின்றது. மகனைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"பதினஞ்சு நாளாச்சு" என்றாள்.

வீரலட்சுமி அறைக்குள் போனாள். அப்பாவின் கைலி இரண்டு, சட்டை மூன்று, சவரக்கத்தி, மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை. ஒரு மனிதனின் சாமான்கள் தன் ஹாஸ்டல் பையில் பாதியைக்கூட நிரப்பவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே ஜிப்பை இழுத்தாள். முன்னறையில் ரமேஷ்பாபு விலையைத் தொடங்கியிருந்தார். அவள் அவர்களுக்கு நடுவில் நடந்து வெளியே வந்தாள். பிரதீஷ் ஏதோ கேட்டான். அவள் நிற்கவில்லை.

சரோஜம்மா சந்துக்கு ஓடி வந்தாள்.

"எங்கட்டி போற?"

"அப்பாகிட்ட."

"பேசி முடியட்டும்ட்டி. அது கழிஞ்சு கூட்டிட்டு வா. கரிமீன் வாங்கி வச்சிருக்கேன்."

"இங்க கூட்டிட்டு வரல. ஏலூருக்குக் கூட்டிட்டுப் போறேன். வீடு எடுத்தாச்சு. சாவியும் வாங்கியாச்சு."

சரோஜம்மா பையைப் பார்த்தாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"பிரஷர் மாத்திரை எடுத்தியா?"

"எடுத்தேன்."

"ராத்திரி ஒண்ணு, காலையில பாதி." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு எடுத்தாள். "அவருதான் உன்னோட பேசுறதே இல்லியே. நீ கூப்ட்டா வருவாரா?"

"தெரியாது."

"வரலைன்னா?"

"வரலைன்னா நானும் அங்கதான் நிப்பேன்" என்றாள் வீரலட்சுமி.

உள்ளேயிருந்து ரமேஷ்பாபு "சரோஜம்மே" என்று கூப்பிட்டார். சரோஜம்மா அசையவில்லை. வீரலட்சுமி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காலை வெள்ளம் இன்னும் காயாத கல்லில் கால் வைத்து, போட் ஜெட்டிப் பக்கம் நடந்தாள்.